ஆடியிலே சாதகம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியில் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். வாசற்படி ஏறினேனோ இல்லையோ, தம்பி மனைவி பிராது கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"பாருங்கள், அக்கா! உங்கள் மருமகள் மாசி மாதம் குல்மார்க்குக்குப் போய் நாலு நாள் பலகையில் நின்று பனியில் சறுக்கிவிட்டு வந்தாள். இப்போது சக்கரம் வைத்த பலகையை வாங்கிக்கொண்டு தெருவில் ஒரே ஆட்டம்! வெளியே சிப்காட் லாரிகள் ராப்பகலாகப் போகின்றன. பலகையைப் பரண்மேல் போட்டுவிட்டேன். இந்த ஊரில் ஐஸ் பெட்டிக்குள் தவிர வேறெங்கே பனி இருக்கிறது?"

பதினாறு வயதுப் பெண் மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அது சரியம்மா, மார்கழிக் கச்சேரிக்குப் பாடகி மார்கழியிலா சாதகம் பண்ணுகிறாள்? ஆடியிலும் ஆவணியிலும் பாடித்தானே தொண்டையைப் பக்குவமாக வைத்துக்கொள்கிறாள்?" என்று கேட்டேன்.

பனிக்காரர்கள் சங்கதியும் இதுதான். மணாலிப் பக்கத்தில் வளர்ந்த சிவ கேசவனையே எடுத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்தபடி பனித்தடத்தில் பாயும் 'லூஜ்' வண்டி அவருடைய ஆட்டம். நம் நாட்டில் அதற்கேற்ற தடம் இல்லை. வண்டியின் அடியில் சக்கரத்தை மாட்டி, லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே இமயமலைத் தார் ரோட்டில் பழகினார்! 1998-ல் நகானோவில் தொடங்கி 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் ஆடினார். ஜப்பானின் அயுமு ஹிரானோ 2021-ல் டோக்கியோவில் சக்கரப் பலகையில் போட்டியிட்டார். ஆறே மாதத்தில், 2022-ல், பெய்ஜிங்கில் பனிப்பலகையில் தங்கம் வென்றார்.

சக்கரப் பலகை பிறந்த கதையும் அப்படித்தான். 1950-களில் கலிபோர்னியாக் கடற்கரையில் அலை எழும்பாத நாட்களில், அலைச்சறுக்குக்காரர்கள் தரையில் ஆடக் கண்டுபிடித்ததாம்.

இரண்டு பலகைக்கும் உறவு உண்டு. பக்கவாட்டில் நிற்பது, முழங்காலைத் தளர்த்தி வைப்பது, நுனிக்காலிலும் குதிகாலிலும் பாரத்தை மாற்றித் திரும்புவது எல்லாம் இரண்டுக்கும் பொது.

வித்தியாசமும் உண்டு, சகோதரிகளே! பனியில் பாதங்களைப் பலகையோடு பிணைத்திருப்பார்கள். பலகையைக் குறுக்கே திருப்பி அதன் விளிம்பை அழுத்தினால் நின்றுவிடும். தார் ரோட்டில் புதியவர்கள் அப்படித் திருப்பினால் சக்கரம் தரையைப் பற்றிக்கொள்ளும். ஆளை முன்னே தூக்கி எறியும்! ஆகவே ஓடக் கற்பதற்கு முன், காலைத் தரையில் ஊன்றி நிறுத்தக் கற்க வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக்கும் காப்பு வேண்டும். ஈரத் தரை ஆகாது. லாரி ஓடும் ரோடு ஆகவே ஆகாது.

"பரணில் போட்டால் பலகை பத்திரமாக இருக்கும். அவள் கற்றதுதான் துருப்பிடித்துப் போகும்" என்றேன்.

தம்பி மனைவி பதில் பேசவில்லை. மாலையில் காப்பி குடித்துக்கொண்டே வெளியே பார்த்தேன். குடியிருப்பின் சிமெண்டு முற்றத்தில் தகப்பனாரின் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பெண் பலகைமேல் நிற்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகியபடி பக்கத்தில் ஓடுவது யார் என்கிறீர்கள்?

சாட்சாத் அவள் அம்மாதான்!