கரையானுக்கு ஏன் இந்த அவசர மருந்து?

மாமரத்தின் அடியில் மண்பூச்சு ஏறியிருப்பதைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடுவது வீட்டுத் தோட்டக்காரர்களின் வழக்கமாகிவிட்டது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை வாங்கி வந்து, தண்ணீரில் கலந்து வேரடியில் ஊற்றிவிடுகிறார்கள். பக்கத்துப் பாத்தியில் கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட வண்டு ஒன்று வெண்டைப் பூவை மென்று தீர்த்துக்கொண்டிருக்கும். அழகாக இருக்கிறதென்று அதை விட்டுவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு தலைகீழானது.

மண்பூச்சை விரலால் பெயர்த்துப் பார்த்தால் தெரியும். உள்ளே வெளிறிய கரையான்கள் அரித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் காய்ந்து செத்த மேல்பட்டையைத்தான். நம் ஊரில் உயரமான புற்று கட்டும் ஓடோன்டோடெர்மெஸ் ஒபீசஸ் இனம், செத்த மரத்தையும் சருகையும் தின்று, அந்த எச்சத்தின் மேல் புற்றுக்குள்ளேயே பூஞ்சை வளர்க்கிறது. கடினமான நாரைப் பூஞ்சை பக்குவப்படுத்த, கூட்டம் முழுவதும் அதில் பசியாறுகிறது. தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த ஜோஹன் கெர்ஹார்ட் கோனிக், தஞ்சைப் பகுதிக் கரையான்களைக் கவனித்து 1779-இலேயே விரிவாக எழுதினார். மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளானைப் பறித்துக் குழம்பு வைக்கிறவர்கள் இன்றும் உண்டு.

கரும்புக் கரணை, நிலக்கடலை, புதிதாக நட்ட தென்னம்பிள்ளை ஆகியவற்றில் கரையான் செய்யும் சேதம் நிஜம். வளர்ந்த மரத்தின் கதை வேறு.

வெண்டைப் பூவை மென்ற அந்த ஆரஞ்சுப் பட்டை வண்டுக்குக் கொப்புள வண்டு என்று பெயர். அது தின்பது இதழையும் மகரந்தத்தையும். பூ போனால் காய் ஏது? துவரை, தட்டைப்பயறு, செம்பருத்தி எதையும் அது விடாது. வெறுங்கையால் பிடித்தால் கால் மூட்டுகளில் மஞ்சள் நீர் கசியும். அதிலுள்ள கேந்தரிடின் என்ற நச்சு பட்ட இடம் கொப்பளித்துவிடும். ஆனாலும் இதன் புழு மண்ணுக்குள் வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்று வளர்கிறது என்பதால் இதற்கும் விஷம் வேண்டாம். காலையில் மந்தமாக இருக்கும்போது கையுறை போட்டுப் பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் போட்டால் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும்.

குளோர்பைரிபாஸ் மண்புழுவையும் தேனீயையும் சேர்த்தே தாக்கும். 2025-இல், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களுக்கு எதிரான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில், சில விலக்குகளுடன், அது சேர்க்கப்பட்டது. பெரும் சாகுபடிக்கு விலக்கு தேவை என்று வாதிடலாம். ஒரு மாமரமும் நாலு வெண்டைச் செடியும் உள்ள வீட்டுக்கு அந்த வாதம் பொருந்தாது. மண்பூச்சைத் தேய்த்து உதிர்த்துவிட்டு, பட்டுப்போன கிளைகளை அகற்றி, அடிமரத்தில் சுண்ணாம்பு பூசினால் பெரும்பாலும் போதும். மாடித் தோட்டத்துக்கு விதைப் பொட்டலம் கொடுக்கும் தோட்டக்கலைத் துறை இதையும் கூடவே சொல்லித்தர வேண்டும்.