எலும்புப் புற்றுநோய்: '5 ஆண்டு' என்பது ஆயுளுக்கு வைத்த கெடு அல்ல!

பிள்ளை 'முட்டி வலிக்குதும்மா' என்றால், ஒரு கையில் தைலம், மறு கையில் செல்போன்... இதுதான் இன்று பல வீடுகளின் வழக்கம். தேடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே 'எலும்புப் புற்றுநோய்' என்ற சொல் வந்து மிரட்டும். கூடவே '5 ஆண்டு உயிர்வாழும் விகிதம்' என்று ஓர் எண். அன்றைய தூக்கம் போச்சு! இந்த இரண்டையும் நிதானமாகப் பார்ப்போம்.

எவ்வளவு பேருக்கு வரும்?

எலும்பிலேயே தொடங்கும் புற்றுநோய் மிக அரிது. மொத்தப் புற்றுநோயாளிகளில் 100-க்கு ஒருவர்கூட இல்லை. 'எங்க சித்திக்கும் எலும்புல கேன்சர்னு சொன்னாங்களே' என்கிறீர்களா? பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் போன்ற இடங்களில் தொடங்கி எலும்புக்குப் பரவியதாக இருக்கும். அந்த நோயும் சிகிச்சையும் வேறு.

எலும்பிலேயே தொடங்குவதில் முக்கியமானது ஆஸ்டியோசார்கோமா. எலும்பு வேகமாக வளரும் டீன் ஏஜில், முட்டியை ஒட்டிய பகுதியில்தான் இது அதிகம் வருகிறது. யூயிங் சார்கோமாவும் சிறு வயதினரையே அதிகம் தாக்கும். காண்ட்ரோசார்கோமா பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும்.

எத்தனை ஆண்டு?

'5 ஆண்டு விகிதம்' என்றால் 5 ஆண்டுகள்தான் உயிரோடு இருப்பார்கள் என்று அர்த்தமல்ல. நோயைக் கண்டறிந்து 5 ஆண்டுகள் ஆன பிறகு, 100 பேரில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்கு அது. அவர்களில் பலர் அதற்குப் பிறகும் படிப்பு, வேலை, கல்யாணம் என்று வாழ்கிறார்கள்.

அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, ஆஸ்டியோசார்கோமா தொடங்கிய இடத்தைத் தாண்டாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால் 100-ல் ஏறக்குறைய 75 பேர் 5 ஆண்டுகளைக் கடக்கிறார்கள். நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால், ஏறக்குறைய 25 பேர்தான். அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியம்.

ஒற்றைக் காலில் ஓடியவர்

கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸுக்கு 1977-ல், 18 வயதில் இந்த நோய் வந்தது. வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, 1980 ஏப்ரலில் செயற்கைக் காலுடன் கனடாவின் குறுக்கே ஓடத் தொடங்கினார். 143 நாள்கள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981 ஜூனில், 22 வயதில் இறந்தார்.

கீமோதெரபி வருவதற்கு முன்பு, காலை எடுத்தாலும் 100-ல் 20 பேர்கூடப் பிழைப்பது கடினம். இன்று பெரும்பாலும் முதலில் கீமோதெரபி, பிறகு அறுவை சிகிச்சை, மீண்டும் கீமோதெரபி. நோயுள்ள எலும்பை மட்டும் நீக்கி உலோக எலும்பு பொருத்துவதால், பெரும்பாலானவர்களுக்குக் காலையே காப்பாற்றிவிட முடிகிறது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

வளரும் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வரும் வலி இரண்டு கால்களிலும் இருக்கும். மாலையில் வந்து காலையில் போய்விடும். இவற்றைக் கவனியுங்கள்:

* ஒரே காலில், ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலி
* தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி
* வீக்கம், கட்டி, நொண்டி நடப்பது
* லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிவது

'விளையாடும்போது அடிபட்டிருக்கும்' என்று எண்ணெய் போட்டு நீவுவதும், கட்டுப் போடுவதும் வேண்டாம். முதலில் ஓர் எக்ஸ்ரே எடுங்கள். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ., பிறகு பயாப்ஸி.

'கத்தி பட்டால் பரவிடும்' என்ற பயத்தில் பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால், அறுவை சிகிச்சை செய்யப்போகும் புற்றுநோய் மையத்திலேயே அதை எடுத்துக்கொள்வது நல்லது. தவறான இடத்தில் எடுத்தால் காலைக் காப்பாற்றும் சிகிச்சை சிக்கலாகலாம்.

முட்டி வலி வந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இது இருக்காது. எக்ஸ்ரே பார்த்து டாக்டர் 'ஒண்ணுமில்லை' என்று சொன்னால், நிம்மதியாக வீட்டுக்கு வரலாம். ஒருவேளை ஏதாவது இருந்தால், சிகிச்சைக்கு நல்ல நேரம் அதுதான்.