கார்த்திகையில் கொல்லையைக் கைவிடலாமா?



ஐப்பசி அடைமழை போய்க் கார்த்திகை பிறந்துவிட்டது. சம்பா, தாளடி வயல்களில் தண்ணீரை வடிக்கவும் மேலுரம் போடவுமே பொழுது சரியாக இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொல்லையை எட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இந்த இதழில் அந்தக் கொல்லையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்குக் காரணம் வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம்.

கேள்வி: ஐயா, கொல்லையில் 12 கத்தரிச் செடி வைத்தேன். மழைக்குப் பிறகு 9 செடி செத்துவிட்டது. இலை பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கி, நாலைந்து நாளில் காய்ந்துவிடுகிறது. மூன்று வருஷமாக அதே இடத்தில் இதே கதைதான். இனிமேல் கொல்லையில் ஒன்றும் போடாதே, கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. ஆனால் அந்த இடத்தில் கத்தரியை விட்டுவிடுங்கள்.

மழைக்குப் பின் கத்தரி வாடுவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தண்ணீர் தேங்கி வேர் அழுகுவது. இதில் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, தோல் உரிந்து வரும். இன்னொன்று பாக்டீரியா வாடல். இதில் இலை பச்சையாகவே துவண்டு தொங்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இப்போதுதான் வாடத் தொடங்கிய செடி ஒன்றின் அடித்தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீருக்குள் இருக்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெள்ளையாகப் பால்நூல் போல இறங்கினால் அது பாக்டீரியா வாடல்தான். காய்ந்துபோன செடியில் இது தெரியாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே போல வாடிய கத்தரியைப் பார்த்துவிட்டு வேர் அழுகல் என்று நின்ற இடத்திலேயே சொன்னேன். காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து ஊற்றச் சொன்னேன். அந்த வீட்டு அம்மா கோழி விற்ற காசில் மருந்து வாங்கினார். ஒரு செடியும் பிழைக்கவில்லை. மறு வருஷம் அதே இடத்தில் மறுபடி நட்டு, மறுபடி பறிகொடுத்தார். ஒரு டம்ளர் தண்ணீரில் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய விஷயம் அது.

பாக்டீரியா வாடல் என்று தெரிந்தால், வந்த செடியை மருந்து ஊற்றிக் காப்பாற்ற முடியாது. வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். குப்பைக்குழியில் போட்டால் எருவோடு சேர்ந்து கொல்லை முழுக்கப் பரவும். அங்கே கொத்திய மண்வெட்டியைக் கழுவிவிட்டுத்தான் வேறு பாத்தியில் இறக்க வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். மூன்றையுமே அந்த இடத்தில் மூன்று வருஷம் வைக்காதீர்கள். அதற்குப் பதில் கீரை, வெண்டை, கொத்தவரை, அவரை போடுங்கள். அந்த மண்ணில் கத்தரிதான் வேண்டும் என்றால் சுண்டைச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று கிடைக்கிறதா என்று தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். சுண்டையின் வேர் இந்த நோயைத் தாங்கும்.

கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள் அல்லவா? ஒருவருக்கு நாளைக்கு 300 கிராம் காய்கறி, கீரை வேண்டும் என்பது நம் நாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்த கணக்கு. ஐந்து பேர் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோ. தினமும் அவ்வளவு வாங்குகிற வீடு நம் ஊரில் எத்தனை? கார்த்திகையில் விலை ஏறியதும் குழம்பில் காய் குறைகிறது. முதலில் குறைவது பெண்கள் தட்டில்தான். இரண்டு சென்ட் கொல்லை அந்த ஒன்றரைக் கிலோவில் பாதி தந்தாலும் லாபம்தான்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

நம் மண் களிமண். தண்ணீர் வடியாது. ஆகவே முதல் வேலை வடிகால். பாத்திகளுக்கு நடுவே ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தாழ்வான பக்கம் திருப்புங்கள். தோண்டிய மண்ணைப் பாத்தியின் மேலேயே போட்டால் மேட்டுப்பாத்தி தானாகக் கிடைக்கும். தண்ணீர் நிற்கிற மூலையோடு சண்டை போட வேண்டாம். அங்கே சேம்பு, பொன்னாங்கண்ணி, வல்லாரை வையுங்கள்.

முருங்கையைப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது தென்னையே சாய்ந்தது. முருங்கை அதைவிட மெல்லிய மரம். கூரைப் பக்கம் நீண்ட கிளைகளை முன்கூட்டியே கழித்துவிடுங்கள். கழித்த கிளையில் கைப்பருமன் உள்ள போத்துகளை மேடான இடத்தில் நட்டுவைக்கலாம். வேலிக்குக் கிளுவைப் போத்து ஊன்றவும் இந்த ஈரம்தான் தோது. ஆடு நுழையாத வேலி இல்லாமல் கொல்லையில் எது போட்டும் பயனில்லை.

தைக்குத் திட்டம்

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அதன் பிறகு வாய்க்காலை நம்ப முடியாது. எனவே தைப்பட்டத்துக் கொல்லையை, அடிபம்பிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் வரும் தண்ணீர் எத்தனை பாத்திக்குப் போதும் என்று பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். நான்கு பாத்திக்குத்தான் போதும் என்றால் நான்கு பாத்தி மட்டும் போடுங்கள்.

கத்தரி, மிளகாய் நாற்று தயாராக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். தையில் நட வேண்டுமானால் மார்கழி முதல் வாரத்தில் விதைத்துவிட வேண்டும். நாற்றங்காலை நோய் வந்த இடத்தில் போடாதீர்கள். பாகல், சுரை, பீர்க்குக்கு ஒரு முழ ஆழக் குழி எடுத்து, குழிக்கு 10 கிலோ மக்கிய எரு போட்டு மூடிவையுங்கள். கீரையைப் பத்து நாள் இடைவெளியில் சிறுசிறு பாத்தியாக விதைத்தால் தொடர்ந்து கிடைக்கும். சம்பா அறுப்பு முடிந்ததும் வைக்கோலில் ஒரு கட்டைக் கொல்லைக்கென்று ஒதுக்குங்கள். செடிகளின் அடியில் பரப்பினால் ஈரம் நிற்கும்.

கேள்வி: போன வருஷத்து வெண்டை, கொத்தவரை விதை டப்பாவில் இருக்கிறது. முளைக்குமா?

பதில்: விதைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். 20 விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி, துணி காயாமல் ஒரு வாரம் வையுங்கள். 15-க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. பத்து முளைத்தால் இரண்டு மடங்கு விதையுங்கள். அதற்கும் குறைந்தால் புது விதை வாங்குங்கள். இந்த வருஷம் எடுக்கும் விதையை நன்றாக வெயில் அடிக்கும் நாளில் காயவைத்து, சாம்பல் கலந்து, காற்றுப் புகாமல் மூடிவையுங்கள்.

கேள்வி: முருங்கை மரத்தில் கம்பளிப்புழு கூட்டமாக ஒட்டியிருக்கிறது. பிள்ளைகள் மேல் பட்டுத் தடித்துவிடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: கீரை பறிக்கிற மரத்தில் விஷ மருந்து வேண்டாம். பகலில் இவை அடிமரத்தில் மொத்தமாகக் கூடியிருக்கும்போது தீப்பந்தம் காட்டி அழிப்பது பழைய முறை. அருகில் கூரைவீடோ வைக்கோல்போரோ இருந்தால் அதைச் செய்யவே கூடாது. 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து புழுக்கூட்டத்தின் மேல் நன்றாக நனையும்படி தெளியுங்கள். தெளிக்கும்போது உடம்பை மூடிக்கொள்ளுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்குக் கடைசியாக ஒன்று. டம்ளர் சோதனையை வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி செய்யுங்கள். செடி செத்தது உங்கள் கைராசியால் அல்ல, மண்ணில் இருந்த நோயால் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். பிறகு இடத்தை மாற்றி, தையில் மறுபடி நடுங்கள். முதல் காய் பறித்ததும் ஒரு வரி எழுதுங்கள்.