ஆற்று மணலோடு கிணற்றுத் தண்ணீரும் போகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

மகாவலி ஆறு கடலோடு சேரும் கீழ்ப்பகுதியில், கிண்ணியா கண்டல்காட்டிலும் மூதூர்ப் பக்கத்திலும் நடக்கும் மணல் அகழ்வைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை டிப்பர் பிடிபட்டது, எத்தனை பேர் கைதானார்கள் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. ஆற்றுக்கும் அதை நம்பியிருக்கும் கிணறுகளுக்கும் என்ன நடக்கிறது என்று எழுதுவார் இல்லை.

மாரி வெள்ளத்தை உறிஞ்சி வைத்து, கோடையில் கரையோரக் கிணறுகளுக்கு ஊறவிடுவது ஆற்று மணல்தான். அதை அள்ள அள்ள ஆற்றின் அடி தாழ்கிறது. கூடவே கிணற்று நீர்மட்டமும் இறங்குகிறது. கழிமுகத்தில் கேடு இன்னும் பெரிது. ஆற்றின் அடி கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், நன்னீரைவிடக் கனமான கடல்நீர் அடியால் உள்ளே ஏறும். மேலே ஓடும் தண்ணீரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலையில், களனி கங்கையில் இதுதான் நடந்தது. கோடை வந்தால் ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கி உப்பை மறிக்க வேண்டியிருந்தது. கொழும்புக்கு மறிப்பணை கட்ட ஆள் இருக்கிறது. மூதூர் விவசாயிக்கு இருப்பது ஒரு கிணறு.

போன மணல் அடுத்த மாரிக்கு வந்து சேரும் என்று சொல்பவர்கள், 1980களில் மேலே கட்டப்பட்ட கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல அணைகளை மறந்துவிடுகிறார்கள். மலைநாட்டிலிருந்து வரவேண்டிய மணலின் பெரும்பங்கு அந்த நீர்த்தேக்கங்களிலேயே தங்கிவிடுகிறது. நாம் இப்போது அள்ளுவது பழைய இருப்பை. இந்த நிலையில்தான் 2019 டிசம்பரில், மணல் ஏற்றிச் செல்லும் அனுமதிப்பத்திர முறையையே அன்றைய அரசாங்கம் நீக்கியது. அது மன்னிக்க முடியாத முடிவு.

மகாவலி கலக்கும் இதே கொட்டியாரக் குடாவின் கரையில், சம்பூரில், இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டவிருந்தன. சாம்பலும் சுடுநீரும் எங்கள் நிலத்தையும் கடலையும் கெடுக்கும் என்று மக்கள் எதிர்த்தார்கள். 2016இல் அது கைவிடப்பட்டதாக அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. மணலைப் போலவே நிலக்கரியும், எரிப்பதற்கு முன்னால், தோண்டும் இடத்திலேயே தண்ணீரைக் கெடுக்கிறது. இந்தியாவில், மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில் எலிப்பொந்து போன்ற சுரங்கங்களிலிருந்து வடிந்த அமிலநீரால் ஆறுகளில் மீன் அற்றுப்போனது. 2014இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் சுரங்கங்களுக்குத் தடை விதித்தது. நிலக்கரிக்கு எதிராக எழும்பிய திருகோணமலை, மணல் விடயத்தில் ஏன் வாய் திறக்காமல் இருக்கிறது?

கடற்கரைக் கிராமமான சல்லியில் இருக்கும் எனக்கு மகாவலியில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 2004 சுனாமியில் எங்கள் கரையோரக் கிணறுகளுக்குள் கடல் புகுந்தது. இறைத்து இறைத்துப் பார்த்தும் உப்புச் சுவை உடனே போகவில்லை. தண்ணீருக்குக் கானோடு பவுசரைப் பார்த்து நின்ற பெண்களை நான் கண்டிருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் எழுந்த வீடுகளுக்கு ஆற்று மணல்தான் போனது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே மணலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சவளால் அள்ளி நாள்கூலி வாங்கும் ஏழைகளும் என் எதிரிகள் அல்ல. அவர்களைத் துரத்திப் பிடிப்பது தீர்வும் அல்ல. பெக்கோ இயந்திரத்தை ஆற்றுக்குள் இறக்குபவர்களையும், அதைக் கண்டும் காணாமல் இருப்பவர்களையும்தான் கேட்கிறேன்.

தமிழ்நாட்டில் தாமிரபரணி ஆற்றைக் காக்க முதிய வயதிலும் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு ஐயா மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார். 2010இல் அந்த ஆற்றில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வந்தது. இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டமும் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும் புத்தகத்தில் இருக்கின்றன.

புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் மகாவலிக் கழிமுகத்தில் ஆற்றின் ஆழத்தையும் உப்புத்தன்மையையும் அளந்து, அந்தக் கணக்கைப் பிரதேச செயலகங்களில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்ட வேண்டும். யாருக்கு, எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்துக்கு அனுமதி என்பதும் அதிலே இருக்க வேண்டும். அதுவரை கழிமுகப் பகுதியில் இயந்திர அகழ்வை நிறுத்த மாவட்டச் செயலாளர் உத்தரவிட வேண்டும். ஆற்றங்கரை வாசகர்களே, 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்தக் கணக்கை எழுதிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சல்லி, திருகோணமலை.