நடக்காத ஆட்சிக்கு நற்சான்றா?

1990-ல் கோ சோக் டோங்குக்குப் பதிலாக அன்றைய அமைச்சர் தனபாலன் பிரதமராகியிருந்தால் சிங்கப்பூர் வேறொரு தீவாக இருந்திருக்கும் என்கிறார் நண்பர். பாசிர் ரிஸில் நடந்த வாசகர் சந்திப்பில் அவர் வாசித்த நீண்ட கட்டுரையின் சாரம் இதுதான். அன்றைய பிரதமர் லீ குவான் இயூ இனத்தைக் காரணம் காட்டி ஒதுக்காமல் இருந்திருந்தால், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டம் ஒழிந்திருக்குமாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு இன விகிதம் வந்திருக்காதாம். தமிழ் இவ்வளவு சுருங்கியிருக்காதாம். கைதட்டல் பலமாக இருந்தது. கைதட்டியவர்களில் பலர் எனக்கு வேண்டியவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கட்டுரை தகவலில் தவறு. நியாயத்தில் அதைவிடப் பெரிய தவறு.

வீட்டு விவகாரத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தது 1989 மார்ச் 1-ஆம் தேதி. அன்று தேசிய வளர்ச்சி அமைச்சர் யார்? சுப்பையா தனபாலன்தான். 1986 டிசம்பரில், ஊழல் விசாரணையில் இருந்த தே சியாங் வான் இறந்தபின் அந்த அமைச்சை ஏற்று, 1992 வரை நடத்தியவர் அவர். இன விகிதத்தை மக்கள் முன் வைத்ததும், நாடாளுமன்றத்தில் அதற்காக வாதாடியதும் அவரே. பிடோக்கிலும் தெம்பனிஸிலும் மலாய்க்காரர்கள், ஈசூனில் இந்தியர்கள், ஹவ்காங்கில் சீனர்கள் என்று குவியத் தொடங்கியிருக்கிறார்கள், இதை இப்போதே நிறுத்தாவிட்டால் இனவாரிக் குடியிருப்புகள் திரும்பிவிடும் என்பது அவர் தரப்பு. இந்தியர்க்கும் பிற இனத்தவர்க்கும் சேர்த்து ஒரு வட்டாரத்தில் 10 விழுக்காடு, ஒரு புளோக்கில் 13 விழுக்காடு என்று அன்று எல்லை வகுத்தார்கள். 2010-ல்தான் அது 12 ஆகவும் 15 ஆகவும் உயர்ந்தது. அதே 1989 டிசம்பரில் பாசிர் ரிஸுக்கு ரயில் வந்தது. நண்பர் நின்று பேசிய இந்த நகரம் வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் வீடமைப்பு முழுவதும் தனபாலனின் பொறுப்பில் இருந்தது. எந்த மனிதர் பிரதமராகியிருந்தால் இன விகிதமே வந்திருக்காது என்கிறாரோ, அந்த மனிதர்தான் அதைக் கொண்டுவந்தார். இதை ஒரு மணி நேரம் செலவழித்தால் கண்டுபிடித்துவிடலாம். அந்த ஒரு மணி நேரத்தை நண்பர் செலவழிக்கவில்லை.

இந்தக் கொள்கை முழுக்கத் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 1964 கலவரங்களைக் கண்ட தலைமுறைக்கு அந்த அச்சம் உண்மையானது. நம் பிள்ளைகள் மாடிப்படியில் மலாய், சீனப் பிள்ளைகளோடு ஏறி இறங்கி வளர்ந்ததில் அதற்குப் பங்குண்டு. ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் யார் என்று பாருங்கள். ஒரு புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பிவிட்டால், அங்கே வீடு வைத்திருக்கும் தமிழர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருபவர்கள் குறைவு. ஆகவே விலையும் குறைவு. 2021-ல் பாட்டாளிக் கட்சி இதை நாடாளுமன்றத்தில் எழுப்பியது. 2022-ல், நெடுங்காலம் விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டை வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது இதற்கு. இந்த உண்மையான சிக்கலைப் பேச வேண்டிய மேடையில், அதைக் கொண்டுவந்தவரையே அதிலிருந்து நம்மை மீட்டிருக்கக்கூடிய வீரராக்கிக் காட்டினால், இன்று வீடு விற்க முடியாமல் நிற்கும் குடும்பத்துக்கு என்ன பதில்?

அடுத்தது 1987. அந்த ஆண்டு மே 21-ஆம் தேதி 16 பேர், ஜூன் 20-ஆம் தேதி 6 பேர் என்று 22 பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதானார்கள். தேவாலயத் தொண்டர்கள், வழக்கறிஞர்கள், நாடகக்காரர்கள். மார்க்சியச் சதி என்றது அரசு. விடுதலையானவர்களில் ஒன்பது பேர், காவலில் தங்களை எப்படி நடத்தினார்கள் என்று 1988 ஏப்ரலில் கூட்டறிக்கை விட்டதும், அவர்களில் எட்டுப் பேரை மறுபடி பிடித்தார்கள். தனபாலன் இந்தக் கைதுகளில் உடன்படவில்லை என்பதும், அமைச்சரவையிலிருந்து அவர் விலகியதற்கு அது காரணம் என்பதும் உண்மை. அதைச் சொன்னவர் கோ சோக் டோங். 2009-ல் வெளியான மக்கள் செயல் கட்சி வரலாற்று நூலில்.

ஆண்டுகளைக் கவனியுங்கள். கைது 1987-ல். விலகல் 1992-ல். காரணம் ஊருக்குத் தெரிந்தது 2009-ல். முதற் கைதின்போதும் மறு கைதின்போதும் அவர் அமைச்சர். விலகிய அதே ஆண்டின் இறுதியில், துணைப் பிரதமர்களான ஓங் டெங் சியோங்குக்கும் லீ சியன் லூங்குக்கும் புற்றுநோய் என்று தெரிந்தபோது, கட்சி கூப்பிட்டதும் வர்த்தக, தொழில் அமைச்சராகத் திரும்பி வந்தார். அதன்பின்னும் பல ஆண்டுகள் அதே கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். மனசாட்சி உறுத்தியபோது பதவியை விட்டுப் போனவர் என்ற மதிப்பு அவருக்கு என்றும் உண்டு. அவர் நிலையில் இருந்த வேறெவரும் அதைச் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் கட்சி ஒழுங்கைத் தன் எதிர்ப்புக்கு மேலாக வைத்த பழமைவாதி அவர். அப்படிப்பட்டவர் பிரதமராகி அந்தச் சட்டத்தைக் கிழித்தெறிந்திருப்பார் என்று சொல்ல ஆதாரம் வேண்டும். அவர் வாழ்க்கையில் அப்படி ஒன்று இல்லை. காவலில் இருந்தவர்களின் துயரத்தையும் தனபாலனின் தயக்கத்தையும் ஒருசேர அழித்துவிட்டு, அந்த இடத்தில் தமக்குப் பிடித்த கதையை எழுதியிருக்கிறார் நண்பர். அந்த 22 பேருக்கும் இது அவமரியாதை.

இனி, கட்டுரையில் இருக்கும் ஒரே உண்மை. 1988 தேசிய தினப் பேரணி உரையில், தனபாலனையும் எண்ணிப் பார்த்ததாகவும், ஓர் இந்தியர் பிரதமராகச் சிங்கப்பூர் இன்னும் தயாராக இல்லை என்றும் லீ குவான் இயூ வெளிப்படையாகச் சொன்னார். நாடே கேட்டுக்கொண்டிருக்க, தகுதியை ஒப்புக்கொண்டபடியே பிறப்பைச் சொல்லி ஒருவரைக் கழித்துக்கட்டியது அது. அந்த வார்த்தைக்கு நியாயம் தேடுபவன் நானல்ல. 2019-ல் அமைச்சர் ஹெங் சுவீ கியட், மூத்த தலைமுறை இன்னும் தயாராக இல்லை என்று ஏறக்குறைய அதையே திருப்பிச் சொன்னபோதும் எனக்கு அதே கோபம்தான்.

ஆனால் நண்பர் இந்த உண்மையை என்ன செய்கிறார்? சீன வாக்காளர்தான் தடை என்று லீ சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். மக்கள் உண்மையிலேயே தயாராக இல்லையென்றால், நண்பர் கற்பனை செய்யும் பதினான்கு ஆண்டுப் பொற்கால ஆட்சி எந்த வாக்கில் நடந்திருக்கும்? மக்கள் தயாராக இருந்தார்கள் என்றால், குற்றம் வாக்காளருடையது அல்ல, அவர்களைக் கேட்காமலே தீர்ப்புச் சொன்னவருடையது. அதை வாய்விட்டுச் சொல்லும் துணிவு அந்தக் கட்டுரையில் எங்கும் இல்லை.

வாக்காளரைப் பற்றி நமக்குத் தெரிந்தது இருக்கிறது. 1981 அக்டோபர் 31-ஆம் தேதி, துறைமுகத்தை ஒட்டிய அன்சன் தொகுதியில், சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த இடத்தில், ஜே. பி. ஜெயரத்தினம் ஆளுங்கட்சியின் சீன வேட்பாளரைத் தோற்கடித்தார். காலாங்கில் தனபாலன் வென்றது கட்சிச் சின்னத்தால் என்று ஒருவர் வாதிடலாம். அன்சனில் அந்தச் சின்னத்தை எதிர்த்தே ஒரு தமிழர் ஜெயித்தார். 1984-ல் மறுபடியும் ஜெயித்தார். 2023 அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்தினம் இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து 70.4 விழுக்காடு பெற்றார். அதிபர் பதவி வேறு, பிரதமர் பதவி வேறுதான். ஆனாலும் வாக்குச்சீட்டில் ஒரு தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் இந்நாட்டுச் சீனர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். லோயாங் கோயிலில் சீனத் தெய்வங்களோடு பிள்ளையாரும், கூடவே மலாய் நாட்டார் வழிபாடும் ஒரே கூரைக்கடியில் இருக்கும் ஊரில் நின்றுகொண்டு அதைச் சொல்வது இன்னும் மோசம்.

வரலாற்றுத் திருப்பம் என்று நண்பர் பிடித்துக்கொண்ட ஆண்டே பிசகு. 1988 உரைக்கு முன்பே விஷயம் முடிந்துவிட்டது. 1984-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில், இளைய அமைச்சர்கள் டோனி டான் வீட்டில் கூடி கோ சோக் டோங்கைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். லீயின் முதல் விருப்பம் டோனி டான். அவருக்கு அதில் நாட்டமில்லை. ஆக, லீயின் சொந்த விருப்பமே அன்று நடக்கவில்லை. 1988-ல் ஒரு வாக்கியத்தை மாற்றிவிட்டால் 1990-ல் வேறொருவர் நகர மண்டபத்தில் பதவிப் பிரமாணம் எடுத்திருப்பார் என்பது, அந்த ஆண்டுகளின் அரசியலைத் திறந்து பாராதவர் பேச்சு.

தமிழைப் பற்றிய வாதத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக இருந்த உமறுப் புலவர் பள்ளி 1982-ல் மூடப்பட்டபோது தனபாலன் வெளியுறவு அமைச்சர். அவர் மூடினார் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். ராஜரத்தினம், தனபாலன், ஜெயக்குமார் என்று வெளியுறவுப் பொறுப்பே பல்லாண்டுகள் நம்மவர்கள் கையில் இருந்திருக்கிறது. அதனால் வீட்டில் தமிழ் பேசும் குழந்தைகள் கூடிவிடவில்லை. உயர்ந்த நாற்காலியில் நம்மவர் ஒருவர் உட்கார்ந்தால் மொழி தானாக வளரும் என்பது, பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காத புத்தகத்துக்குப் பிரதமரைப் பொறுப்பாக்கும் வேலை.

இவ்வளவும் சொல்வது தனபாலனைச் சிறுமைப்படுத்த அல்ல. உண்மையான தனபாலன், நண்பர் செய்த பொம்மையைவிடப் பெரிய மனிதர். 1960-களில் பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் தொடக்க ஆண்டுகளில் உழைத்தவர். பிறகு டிபிஎஸ் வங்கி. கம்போடியாவை வியட்நாம் ஆக்கிரமித்திருந்த 1980-களில், சிறிய நாட்டை ஒரு பெரிய அண்டை நாடு விழுங்கினால் உலகம் கைகட்டி நிற்கக் கூடாது என்று ஆசியானோடு சேர்ந்து ஐக்கிய நாடுகள் மன்றத்தில் ஆண்டுதோறும் போராடிய வெளியுறவு அமைச்சர். அந்தப் போராட்டத்தில் பொல் பாட்டின் ஆட்களும் இடம்பெற்ற கூட்டணியைச் சிங்கப்பூர் ஆதரித்தது என்ற கறையும் அந்தக் கணக்கில் சேரும். 1996 முதல் 2013 வரை தெமாசெக்கின் தலைவர். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை, கட்சிக் கட்டுப்பாடு, கடமை, ஒழுங்கு என்று வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கை இது. இதில் போற்றவும் இருக்கிறது, கேள்வி கேட்கவும் இருக்கிறது. இரண்டுமே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, நடக்காத ஆட்சிக்கு நற்சான்று எழுதியிருக்கிறார் நண்பர்.

அந்தக் கட்டுரையை நூலில் சேர்க்கப் போவதாக நண்பர் சொன்னார். அதற்கு முன் 1989-ஆம் ஆண்டின் நாடாளுமன்றப் பதிவேட்டை எடுத்து, தேசிய வளர்ச்சி அமைச்சர் இன விகிதத்துக்காகப் பேசியதை முழுவதுமாக வாசிக்கட்டும். கைதட்டியவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த மக்கள் சந்திப்புக்குப் போகும்போது, நம் புளோக்குகளில் இன விகிதத்தால் வீடு விற்க முடியாமல் இருக்கும் குடும்பங்கள் எத்தனை என்று நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் இன்று இருப்பவர் அவர்தான்.