இருவர் மட்டும் மதுரைக்கு

பெங்களூர் வாழ் தமிழன்பர்களே! நம் குடும்பங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஊர்ப்பக்கம் செல்வது பெரும்பாலும் திருமணத்திற்கோ துக்கத்திற்கோ ஆகும். அங்கும் இல்லாளுக்கு அடுக்களையே கதி.

ஆதலின், ஒருமுறை இருவர் மட்டுமே மதுரைக்குச் சென்று வாருங்கள். உறவினர் இல்லம் நாடாது விடுதியில் தங்குங்கள். 2024-இல் தொடங்கப்பெற்ற வந்தே பாரத் ரயில் பிற்பகலில் இங்கிருந்து புறப்பட்டு இரவில் அங்கே சேர்க்கும். தூங்கா நகரில் அவ்வேளையிலும் ஆவி பறக்கும் இட்டிலி கிட்டும். காலையில் மீனாட்சியம்மன் தரிசனம். நண்பகலில் நடை சாத்தியபின், 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகால். மாலையில் விளக்குத்தூண் அருகே ஜிகர்தண்டா.

செலவு கருதித் தயங்க வேண்டா. நாள்தோறும் எல்லோர்க்கும் பரிமாறிவிட்டு இறுதியில் உண்பவர், இரு நாளேனும் பிறர் பரிமாற, உங்கள் அருகே அமர்ந்து சூடாக உண்ணட்டும்.