மார்கழி விருந்தாளிகள்

மார்கழி பிறந்ததும் சென்னைவாசிகள் சங்கீத சபைகளைத் தேடிப் போகிறார்கள். நான் சென்ற ஞாயிறு காலை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தேடிப் போனேன்.

பாதையோரத்தில் தும்பை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. பக்கத்தில் எருக்கு, நாயுருவி. யாரும் நீர் வார்க்காத தோட்டம்! அப்பால் ஊசிவால் வாத்துக்கள் தலையை நீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குக் காட்டி, காலை ஆகாரத்தில் ஈடுபட்டிருந்தன. வட ஆசியாவின் உறைபனிக்குத் தப்பி, ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த அதிதிகள் அவை.

அதிதிகளுக்கு நாம் செய்த உபசாரம் என்ன? சதுப்பின் பெரும்பகுதியை வீடும் சாலையும் குப்பைமேடும் ஆக்கினோம். இடமிழந்த மழைநீர் 2015-இல் அருகிலுள்ள வேளச்சேரி வீடுகளுக்குள் புகுந்தது. எஞ்சிய சதுப்பு 2022-இல் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

வாத்து நீந்தும் நீருக்கு இடம் விட்டு வைப்போம், நேயர்களே! இல்லாவிடில் அது நம் கூடத்திலேயே நீந்த வந்துவிடும்.